இதன் மத்தியில்

வடக்கே காப்புக்காட்டு எல்லை,
கிழக்கே மாராக்கவுண்டர் பூமி,
தெற்கே கிழமேல் இட்டேரி,
மேற்கே பெரிய ஊஞ்சமரம்.
இதன் மத்தியில்
ஏக்கர் நாலு செண்ட் எழுபத்தி மூணு
என்கிறது அந்தியூர் கிரயப் பத்திரத்தின் நகல்.
வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தியெட்டு.

மேற்கே மரம் என்று எழுதியவருக்கு
அது நிற்கும் என்று அவ்வளவு உறுதி.

நான் அளக்கப் போனது பங்குனியில்.
பர்கூர் அடிவாரத்தில்
வெயிலுக்கு நகம் முளைக்கிற மாதம்.
முப்பது வருஷமாய் ஏர் இறங்காத பூமி,
இட்டேரிப் பக்கம் கிளுவையும் சூரையும்
கைகோத்துக்கொண்டு விட மறுத்தன.
வெள்ளிங்கிரி அரிவாளால் ஆள் நுழையும் அளவுக்கு வழி கேட்டார்.

முக்காலியில் ஜிபிஎஸ்ஸை நிறுத்தினேன்.
மேலே ஊஞ்சை, வேம்பு, ஆச்சா.
திரையில் மூன்று செயற்கைக்கோள், பிறகு இரண்டு,
பிறகு சுற்றிக்கொண்டே இருந்தது.
"அண்ணாந்து பாத்தா எனக்கே ஒண்ணுந் தெரியலீங்க
அதுக்கு எங்கிருந்து தெரியப் போவுது" என்றபடி
சாக்கிலிருந்து சங்கிலியை உருவினார்.

வடக்குக் கல்மேல் யானை லத்தி, இன்னும் சூடாக.
எண்ணை மட்டும் எட்டி நின்று படித்துக்கொண்டேன்.

சிக்கல் மேற்கில்தான்.
பத்திரத்தில் ஒரு மரம்.
பூமியில் பதினான்கு.
எல்லாமே பெரியவை, எல்லாமே ஊஞ்சை,
எல்லாவற்றிலும் நெத்து காய்ந்து
காசு எண்ணுவதுபோல் ஓயாத ஓசை.

"இதானுங்க அது" என்றார் தெய்வசிகாமணி.
"எங்கய்யன் இதுலதான் எருமையக் கட்டுவாரு."
"எருமையக் கட்டுனது இது. எல்லை அது" என்று
இருபது தப்படி தள்ளி இன்னொன்றின்மேல்
கையை வைத்துக்கொண்டு நின்றார் பூவாத்தாள்.
இரண்டு கைகளுக்கும் நடுவே பத்தொன்பது செண்ட்.
ஒன்பது வருஷம் பவானி கோர்ட்டுக்கு
ஒரே பஸ்ஸில் போய்
வேறு வேறு சீட்டில் திரும்பியிருக்கிறார்கள்.

புலப்படத்தை விரித்தேன்.
டி கல், அதை ஒட்டி ஊ.ம. என்று
மையால் போட்ட சின்ன வட்டம்.
சி கல்லிலிருந்து நூற்றிமுப்பத்திரண்டு லிங்க்ஸ்.
சங்கிலி போய் முடிந்த இடம்
அவர் காட்டிய மரமும் இல்லை
இவர் காட்டிய மரமும் இல்லை.
அங்கே மரமே இல்லை.

கடப்பாரை மூன்றாவது குத்தில் 'ணங்' என்றது.
கல் இருந்தது. தலையில் அம்புக்குறி, வாயெல்லாம் மண்.
பக்கத்தில், செம்மண்ணுக்குள்
ஒரு கருப்பு வட்டம்.
வெள்ளிங்கிரி கையை விட்டார்,
முழங்கை வரை போயிற்று.
எடுத்து விரித்த உள்ளங்கையில்
காப்பித்தூள் போல ஏதோ.
மோந்து பார்த்துவிட்டு யாரிடமும் காட்டாமல்
அங்கேயே கொட்டினார்.

கொஞ்ச நேரம் நெத்துச் சத்தம் மட்டும்.

"மரம்னு எழுதாதீங்க அம்மிணி" என்றார் பூவாத்தாள்.
"அது குட்டி போடுது."
தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடக்கப் பார்த்து, அது இருமலாகி,
பூவாத்தாள் தன் தூக்குப்போசியில் இருந்த மோரை
அவர் பக்கம் தள்ளினார், முகத்தைப் பார்க்காமல்.
அதைச் சமாதானம் என்று எழுத எனக்கு அதிகாரமில்லை.
பத்தொன்பதில் அவருக்குப் பதினொன்று, இவருக்கு எட்டு.
இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மேற்கே: எல்லைக்கல் டி, என்று திருத்தினேன்.
கல்லுக்குச் சிவப்பு வண்ணம்.
மரங்களைத் தொடவில்லை.
கோடு விழுந்ததில் ஒரு ஊஞ்சை இரண்டாகப் பிரிந்தது,
அதற்குத் தெரியாமல்.

அந்தியூர் போகும் கடைசி பஸ்ஸில்
சுடிதார் விளிம்பெல்லாம் ஒட்டுப்புல்.
ஒவ்வொன்றாய்ப் பிய்த்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன்,
தவிட்டுப்பாளையம் தாண்டும்வரை.
எந்தப் புல எண்ணிலிருந்து வந்தது,
எந்தப் புல எண்ணில் விழுந்தது,
குறிக்கவில்லை.